புளிப்பு மோகம் கொண்ட அணுக்கள்

யான் ருன்மெய்க்கு இருமல் எப்போது தொடங்கியது என்பதில் எங்கள் சிங்ஷூ ஊரில் மூன்று கட்சிகள் உண்டு. அடுப்புக் கரி விற்பவனை மாற்றிய குளிர்காலத்தில் என்பது ஒரு கட்சி. பாப்ளர் மரங்கள் தெருவெல்லாம் பஞ்சு பறக்கவிட்ட வசந்தத்தில் என்பது இன்னொன்று. மகள் தெற்கத்திப் பையனைக் கட்டிக்கொண்டு ஃபோஷானுக்குப் போனாளே, அன்றைக்குத்தான், அது நெஞ்சு இருமல் இல்லை, மனசு இருமல் என்பது பெண்கள் கட்சி. ருன்மெய்யைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. "நேத்து எத்தனை மணிக்குக் கண்ணசந்தேன்னு கேட்டா உனக்குச் சொல்லத் தெரியுமா? அது மாதிரிதான்" என்பாள்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் சீவல் நூடுல்ஸ் கடை. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, தேவையும் இல்லை. கொதிக்கும் அண்டாவுக்கு இரண்டடி தள்ளி நிற்பாள். இடது கையில் தலையணை அளவுக்கு மாவு உருளை, வலது கையில் வளைந்த தகட்டுக் கத்தி. சீவ ஆரம்பித்தால் ஒவ்வொரு சீவலும் அரளி இலை வடிவத்தில் பறந்துபோய் அண்டாவின் நடுவில் விழும். நிமிடத்துக்கு நூற்றைம்பது என்று ஒரு கல்லூரி மாணவன் எண்ணிச் சொன்னான். எண்ணிக்கொண்டிருந்தால் கிண்ணம் ஆறிப்போகும், முதலில் தின்னு என்று அவனை அதட்டினாள்.

மலையடிவாரத்துப் பெண். பத்தொன்பது வயதில் உரத் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே மாவு பிசைந்துகொண்டிருந்தவர் ஹாவ் ஷுவான்ஜூ. அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை என்பதால், இவனாவது ஓடாமல் இருக்கட்டும் என்று 'கம்பத்தில் கட்டியவன்' எனப் பொருள்படும்படி வைத்த பெயர் அது. ஆளும் அப்படித்தான், கட்டிய இடத்திலேயே நிற்பார். அவர் பிசைந்த மாவில் மட்டும் கத்தி சிக்காமல் ஓடியதால் அவரைக் கட்டிக்கொண்டதாக ருன்மெய் சொல்வாள். மற்றபடி அவரிடம் பார்க்க ஒன்றுமில்லை என்றும் சேர்த்துச் சொல்வாள். தொழிற்சாலையை மூடியதும் இருவரும் இந்தக் கடையைப் போட்டார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு அவர் மாவு மூட்டையைப் பிரித்துக் கொட்டுவார், பக்கத்திலேயே அவள் கத்தி தீட்டுவாள். புத்தாண்டுக்கு மூன்று நாள் மட்டும் கடைக்கு விடுமுறை. அந்த மூன்று நாளும் வீட்டில் மாவு பிசைந்து கொழுக்கட்டை பிடிப்பதில் போய்விடும்.

இருமல் முதலில் காலையில் மட்டும் வந்தது. பிறகு மூன்றாம் மாடியில் இருக்கும் வீட்டுக்குப் படி ஏறும்போது வந்தது. பிறகு நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. பேரிக்காயைக் கற்கண்டு போட்டு ஆவியில் வைத்துத் தின்றாள். ஷுவான்ஜூ முப்பது வருடமாகப் பிடித்த சிகரெட்டை ஒரே நாளில் விட்டார், அப்புறம் அந்தப் பெருமையை ஒரு மாதம் பேசினார். எதிர்வீட்டுக்காரன் மொட்டை மாடியில் வளர்த்த புறாக்களை இவளுக்காகச் சித்தப்பன் ஊருக்கு அனுப்பினான். புறா போயிற்று, புகை போயிற்று, பூனைக்குட்டி மட்டும் போகவில்லை.

கடைசியில் ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தாள். கூட்டம் அதிகம். மூச்சுக்குழல் வீங்கியிருக்கிறது, நாள்பட்டது என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். கையில் ஒரு சீட்டு மிஞ்சியது. அதில் வரிசையாக எண்கள், எல்லாம் ஒழுங்கு. ஒரே ஒரு வரிக்குப் பக்கத்தில் மட்டும் மேல்நோக்கி அம்புக்குறி. எட்டுக்குள் இருக்கவேண்டியது பதினான்கு. அந்த வரியில் இருந்த பெயரைப் பார்த்ததும் ருன்மெய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. படித்த பெயரை நம்பாமல் சீட்டைக் கடைக்குக் கொண்டுவந்து மியாவ் வாத்தியாரிடம் நீட்டினாள்.

மியாவ் வாத்தியார் நாற்பது வருடம் பள்ளியில் மொழிப்பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தினமும் காலை ஏழு மணிக்கு ஜன்னலோர மேசை அவருடையது. தெரியாது என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெயரின் முதல் எழுத்தைப் பாதி பாதியாகப் பிரித்தார்.

"இதப் பாரு. இடப்பக்கம் வாய். வலப்பக்கம் அறுபது தாண்டின கிழம். கிழவன் வாய் எத விடமாட்டேன்னு அடம்பிடிக்குமோ, அந்த ஆசைக்குப் பேரு இது. குடிமோகம், சூதுமோகம்னு எழுதுறோமே, அதே எழுத்து. அடுத்தது புளிப்பு. ஆக, புளிப்பு மோகம் கொண்ட அணு. உன் ரத்தத்துல அது ரெட்டிப்பா இருக்கு."

கடையில் இருந்த எல்லோர் கண்களும் மேசைமேல் இருந்த காடி ஜாடிக்குப் போயின. வெளியூர்க்காரர்கள் வினிகர் என்பார்களே, அதுதான் எங்களுக்குக் காடி. சோளத்தைப் புளிக்கவைத்து, கறுக்கக் கறுக்க வெயிலிலும் பனியிலும் போட்டு எடுப்பது. இந்த மாகாணத்துச் சிப்பாயிடம் துப்பாக்கியைப் பிடுங்கலாம், காடிக் குடுக்கையைப் பிடுங்க முடியாது என்று வெளியூர்க்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள், நாங்களும் அதைப் பட்டயம் மாதிரி சொல்லிக்கொள்வோம். அதிலும் ருன்மெய் ஒரு கிண்ணத்துக்கு மூன்று கரண்டி ஊற்றிக்கொள்கிறவள். ஐம்பது வருடமாக ஊற்றியதெல்லாம் உள்ளே ஒரு கூட்டத்துக்குத் தீனியாகப் போயிருக்கிறது, தின்று தின்று அது பெருத்துவிட்டது, இப்போது மூச்சுக்குழலையே அடைக்கிறது. சொல்லச் சொல்ல நியாயமாகத்தான் பட்டது. எழுத்துத் தெரியாதவளாக இருந்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. படித்ததுதான் வினையானது.

அன்றே வீட்டிலிருந்து காடி போயிற்று. கடையில் வாடிக்கையாளருக்கு வேண்டும் என்பதால் ஜாடிகளைத் தன் கண்ணில் படாத மேசைகளுக்குத் தள்ளினாள். காடியில்லாத நூடுல்ஸ் அவள் தொண்டையில் இறங்கவில்லை, ஆனாலும் விழுங்கினாள். அவள் விட்டால் அவரும் விடவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். எங்கள் பக்கத்தில் பொறாமைப்படுவதைக் 'காடி குடிப்பது' என்போம். ஷுவான்ஜூ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "ஊர்ல பொம்பளைங்க காடி குடிச்சு புருஷன அடிக்குறாங்க. எம்பொண்டாட்டி காடியையே அடிச்சு வெரட்டிட்டா" என்று புலம்பினார். புலம்பிவிட்டு மாவு மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒரு சின்னக் குப்பியிலிருந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வருவார். காடியானாலும் மூடிக் குடி என்பார்கள், அவர் அதை அப்படியே கடைப்பிடித்தார்.

மூன்று மாதம் ஆயிற்று. இருமல் கூடியதே தவிரக் குறையவில்லை. ருன்மெய் குழம்பிப்போனாள். தீனியை நிறுத்தியும் கூட்டம் கலையாதது ஏன் என்று மியாவ் வாத்தியாரைக் கேட்டாள். அவர் ஜன்னலைத் திறந்து காற்றை மோந்து பார்க்கச் சொன்னார். ஊரைச் சுற்றிக் காடி ஆலைகள். வாயில் ஊற்றாவிட்டால் என்ன, மூக்கில் ஏறுகிறதே என்றார். மூச்சு விடவே பயமாகிவிட்டது அவளுக்கு. பிறந்த ஊரின் காற்றே தனக்கு ஆகவில்லை என்று ஒருத்தி எங்கே போவாள்? அண்டா முன்னால் நிற்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம் அப்போதுதான் முதலில் அவளுக்கு வந்தது. சாவதைப்பற்றி அவள் அவ்வளவாக யோசித்ததில்லை. கத்தியைக் கீழே வைப்பது நினைவுக்கு வந்தால் மட்டும், போய் அதை எடுத்துத் தீட்டிவைத்தாள்.

அந்த வைகாசி வாக்கில் மகள் ஜிங்வென்னுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ருன்மெய் கடையை ஷுவான்ஜூவிடம் விட்டுவிட்டு, இருபத்து நாலு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து, இருமிக்கொண்டே ஃபோஷான் போய்ச் சேர்ந்தாள். லிஃப்ட் இல்லாத ஐந்தாவது மாடி. ஏறுவதற்குள் நான்கு இடத்தில் நின்றாள். கதவைத் திறந்த சம்பந்தியம்மா இவள் முகத்தைப் பார்த்துப் பயந்து நாற்காலியை வாசலுக்கே கொண்டுவந்து போட்டாள்.

உள்ளே போனதும் மூக்கில் அடித்தது காடி வாசம். அடுப்பில் பெரிய மண்பானை. அதில் கறுப்புக் காடி, அதுவும் இனிப்பாக, இஞ்சியும் பன்றிக்காலும் அவித்த முட்டையும் போட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் அந்தப் பக்கத்தார் வைக்கும் பானை அது. பெற்றவளும் தின்பாள், வந்தவர்களும் தின்பார்கள், தின்ன மாட்டேன் என்றால் பிள்ளையை வாழ்த்த மனமில்லை என்று பொருள். ருன்மெய்க்கு அழுகை வந்துவிட்டது. புளிப்பு எனக்கு ஆகாது, டாக்டர் சீட்டிலேயே எழுதியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் ஒரு கிண்ணம் தின்றாள். சம்பந்தி வீட்டு முதல் மருமகள் பெற்ற முதல் பேத்தி என்பதால் பானை வற்ற வற்ற நிரம்பியது. நாள் தவறாமல் தின்றாள். இன்றைக்கு மூச்சு நிற்கும், நாளைக்கு நிற்கும் என்று காத்திருந்தாள்.

நிற்கவில்லை. மூன்றாவது நாள் இருமல் குறைந்தது. பத்தாவது நாள் பூனைக்குட்டி சத்தத்தைக் காணோம். இருபதாவது நாள் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் காய்கறிப் பையோடு ஐந்து மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள். ஏறிவிட்டோம் என்பதே மேலே போனபிறகுதான் தெரிந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் மகள் கட்டாயப்படுத்தி ரத்தம் கொடுக்கவைத்தாள். புளிப்பு மோகம் கொண்ட அணு ஆறு. அம்புக்குறி இல்லை.

ஷுவான்ஜூவைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"கிழவா, நான் தினமும் காடி தின்னேன். பானை பானையா தின்னேன். இப்ப நல்லா இருக்கேன்."

"அப்ப நான் குப்பியில குடிச்சத இப்ப சொல்லலாமா?"

"தெரியும். மாவு மூட்டைக்குப் பின்னாடிதானே?"

மியாவ் வாத்தியாருக்குச் செய்தி போயிற்று. அவர் அசரவில்லை. தெற்கத்தியார் காடி இனிப்பு, புளிப்பு மோகம் கொண்ட அணு அதைத் தின்று ஏமாந்து, பட்டினியில் செத்துப்போயிருக்கிறது என்று விளக்கினார். ஒரு பேச்சுக்கு அந்த மனுஷரைக் கிணற்றில் தள்ளினாலும், தண்ணீர் தன்னைத் தேடி வந்ததாகச் சொல்லுவார்.

நாற்பது நாள் முடிந்து ருன்மெய் ஊர் திரும்பினாள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தெற்கத்தி இனிப்புக் காடி நான்கு பாட்டிலும் கொண்டுவந்தாள். ரயில் இறங்கிய அன்றே கத்தியைத் தீட்டினாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜன்னலோர மேசைக்கு அவளுடைய சீவல் போனது. ஷுவான்ஜூவின் கையால் நாற்பது நாள் செருப்புத் தோல் தின்ற ஊர், அன்று கடை வாசலில் வரிசை கட்டி நின்றது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஐந்தாவது நாள் இருமல் வந்தது. இனிப்புக் காடி குடித்தாள், இருமினாள். காடியே குடிக்காமல் இருந்தாள், இருமினாள். ஒன்றும் புரியவில்லை. இரண்டு வாரத்தில் அண்டா முன்னால் நின்றபடியே மூச்சு இழுக்க வராமல் கத்தி நழுவித் தரையில் விழுந்தது, மாவு உருளை அதன்மேல் விழுந்தது. ஷுவான்ஜூ அவளைத் தூக்கி ஒரு வாடிக்கையாளரின் காரில் போட்டுக்கொண்டு மாகாணத் தலைநகர் தாய்யுவானின் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அங்கே மூச்சுக்குழல் பிரிவில் இருந்தவள் யூ என்ற இளம் டாக்டர். மகள் வயதுதான் இருக்கும். ருன்மெய் கொஞ்சம் தெளிந்ததும், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்ட கேள்வி வித்தியாசமாக இருந்தது. இங்கே எது ஆகவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். இவள், நாற்பது நாள் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, ஃபோஷானில் எது இல்லை என்று கேட்டாள்.

ருன்மெய் விரல்விட்டு எண்ணினாள். கரிப்புகை இல்லை. பாப்ளர் பஞ்சு இல்லை. இந்தக் கிழவன் இல்லை. காடி இருந்தது. அதோடு நிறுத்தாமல், மனசில் நாற்பது நாளாகக் கிடந்த குறையையும் கொட்டிவிட்டாள்.

"மூணு வேளையும் சோறு டாக்டர். எம்பொண்ணுக்கு எங்கையால ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சீவிக் குடுக்கலாம்னா, அந்த வீட்டுல ஒரு கைப்பிடி கோதுமை மாவு கெடையாது. என்ன வீடு அது?"

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தாள். "நாப்பது நாளா மாவைத் தொடவே இல்லையா சித்தி?" என்று கேட்டாள்.

முன்கையில் வரிசையாகச் சொட்டுகள் வைத்து ஊசியால் லேசாகக் குத்தினார்கள். தூசிக்கு ஒன்று, பஞ்சுக்கு ஒன்று, புறா இறகுக்கு ஒன்று, கரப்பான்பூச்சிக்கு ஒன்று, கோதுமை மாவுக்கு ஒன்று. கால்மணி நேரத்தில் மற்றதெல்லாம் படுத்துக் கிடக்க, கோதுமை மாவு வைத்த இடம் மட்டும் பெரிய கொசுக்கடிபோலத் தடித்துச் சிவந்தது. ருன்மெய் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தாள்.

"சீட்டுல புளிப்புன்னுதானே எழுதியிருக்கு?" என்றாள்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "அது இந்த அணுவோட ருசி இல்ல சித்தி. ரத்தத்தக் கண்ணாடில தடவிப் பாக்குறப்ப சாயம் போடுவோம். புளிப்புத் தன்மை உள்ள சாயத்த இது உறிஞ்சி செவந்துபோவும். அதப் பாத்த யாரோ வச்ச பேரு. நீங்க காடி குடிச்சாலும் அதுக்குத் தெரியாது, குடிக்காட்டாலும் தெரியாது."

ருன்மெய் கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். காடியில்லாமல் விழுங்கிய மூன்று மாதத்துக் கிண்ணங்கள் அவள் கண்முன் வந்திருக்கவேண்டும்.

அப்புறம் டாக்டர் பொறுமையாகச் சொன்னதன் சாரம் இது. அந்த அணுக்கள் உடம்பின் காவல்காரர்கள். குடலில் புழு பூச்சி வந்தால் அடிப்பது அவர்கள் வேலை. மாவுத் தூசி மூச்சோடு உள்ளே போகும்போது, ருன்மெய்யின் உடம்பில் வேறொரு கூட்டம் அதை எதிரி என்று தப்பாகக் குறித்து வைத்திருக்கிறது. தூசி பட்டதும் அந்தக் கூட்டம் கூச்சல் போடுகிறது, கூச்சல் கேட்டு இந்தப் புளிப்பு மோக அணுக்கள் ஓடி வருகின்றன. அடிக்கப் புழு இல்லை. கையில் கொண்டுவந்த விஷத்தை மூச்சுக்குழலின் சுவரிலேயே கொட்டுகின்றன. சுவர் வீங்குகிறது, புண்ணாகிறது, சளி அடைக்கிறது. தூசி தினமும் வந்தால் அவர்கள் திரும்பிப் போவதே இல்லை, அங்கேயே குடியிருந்துவிடுகிறார்கள்.

"முப்பது வருஷமா ஒண்ணும் பண்ணாத மாவு இப்ப ஏன் பண்ணணும்?" என்று கேட்டாள் ருன்மெய். சிலருக்கு அவ்வளவு காலம் எடுக்கும் என்றாள் டாக்டர். "பிசையிறவரு இவரு. மாவுலயே குளிக்கிறாரு. இவருக்கு ஏன் வரல?" என்று கேட்டாள். டாக்டர் கையை விரித்தாள். அது தனக்கும் சரியாகத் தெரியாது, ஒவ்வோர் உடம்புக்கும் ஒவ்வொரு காவல் என்றாள். தெரியாது என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையால் ருன்மெய்க்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது. நூடுல்ஸ் தின்னலாமா என்று கேட்டாள். தாராளமாகத் தின்னலாம், வெந்த மாவு ஒன்றும் செய்யாது, பறக்கும் மாவுதான் ஆகாது என்றாள் டாக்டர். அதாவது யார் சீவிக் கொடுத்தாலும் தின்னலாம், இவள் மட்டும் சீவக்கூடாது. இப்படி ஒரு தீர்ப்பை எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து ஒன்றைக் கொடுத்து, இரண்டு வாரம் கடைப்பக்கம் போகாதீர்கள், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பினாள். மருந்தைப் போட்டுக்கொண்டே சீவினால் என்ன என்று ஷுவான்ஜூ கேட்டதற்கு, ஒரு கையால் தீ அணைத்துக்கொண்டு மறு கையால் வைக்கோல் போடுவதா என்று கேட்டாள். மாவு ஒட்டிய துணிகூட வீட்டுக்குள் வரக்கூடாது. ஆகவே ஷுவான்ஜூ கடையிலேயே படுத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. கல்யாணமான இத்தனை வருடத்தில், மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போன அந்த நாற்பது நாளைத் தவிர, இருவரும் பிரிந்து படுத்தது கிடையாது.

அந்த இரண்டு வாரத்தைப்போல ஒரு காலத்தை ருன்மெய் எதிரிக்கும் கொடுக்கமாட்டாள். உடம்பு தேறத்தேற மனசு சோர்ந்தது. முதலில் சாதாரணமாகப் பேச முடிந்தது. பிறகு குனிந்து தரை துடைக்க முடிந்தது. ஒவ்வொரு நல்ல மூச்சும் மாவுக்கு எதிரான சாட்சி என்று அவளுக்குத் தெரியும். விடிகாலை எழுந்ததும், கொஞ்சம் இருமல் வராதா என்று காத்திருப்பாள். மாவு காரணம் இல்லை என்று ஆகிவிடாதா என்று. வராது. பதினோராம் நாள் கீழே போய் முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டு மூன்று மாடியும் நிற்காமல் ஏறினாள். மேல்படியில் உட்கார்ந்து, முட்டைக்கோஸை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எதிர்வீட்டுக்காரி பயந்துபோய், மூச்சு முட்டுகிறதா என்று கேட்டாள். இல்லை, முட்டவே இல்லை என்று சொல்லி இன்னும் சத்தமாக அழுதாள்.

இருந்தாலும் ஒரு நப்பாசை மிச்சமிருந்தது. இரண்டு வாரமாக மருந்தும் உள்ளே போகிறதே. மருந்தால் தேறினோமா, கடைக்குப் போகாததால் தேறினோமா? மருந்தால் என்றால் மருந்தோடு சீவலாம். இந்தக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள், ஒரு பக்கமும் சாயவில்லை. பதினாறாம் நாள் டாக்டரிடம் போவதற்குமுன், சும்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவோம் என்று கடைக்குப் போனாள்.

மாலை நாலு மணி. கடையில் ஆளில்லை. ஷுவான்ஜூ மறுநாளைக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார். தலை, புருவம், மூக்கு எல்லாம் வெள்ளை. இவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, கையை இடுப்புத் துணியில் தட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். தட்டியதும் மாவு புகையாகக் கிளம்பியது. ருன்மெய்யின் தொண்டைக்குள் ஏதோ இறுகியது. இருமல் வந்தது. அவள் தன்னை அறியாமல் இரண்டடி பின்னால் போனாள்.

ஷுவான்ஜூ அங்கேயே நின்றுவிட்டார். தன் கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இவ்வளவு நாளும் யார் யாரையோ சந்தேகப்பட்டார்கள், கரிக்காரனை, புறாவை, காடியை.

"அங்கயே நில்லு. குளிச்சிட்டு வரேன்" என்றார்.

தெருமுனையில் காசுக்கு வெந்நீர்க் குளியல் தரும் கடைக்குப் போய்விட்டு, கல்யாண வீட்டுக்குப் போடும் நீலச்சட்டையில் வந்தார். தலை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"கடைய விட்டுடலாம். இத்தன வருஷமா உன் நெஞ்சுல ஏத்தினது நாந்தான். நாந்தானே பிசைஞ்சேன்."

"மாவு வாங்கினது யாரு? நானு. நைசா இருக்கணும், பறக்கணும்னு கேட்டு வாங்கினது நானு. பெருசா பழிய உன் தலையில போட்டுக்க வந்துட்ட."

"நான் கொஞ்சம் தள்ளி வச்சுப் பிசைஞ்சிருக்கலாம்."

"தள்ளி வச்சா சீவுற பதம் உனக்குத் தெரியுமா? ரெண்டு வாரம் நீ சீவின லட்சணத்த ஊரே சொல்லுது. மியாவ் வாத்தியாரு பல்லு ஆடுதாம்."

"அந்தாளு பல்லு இருபது வருஷமா ஆடுது. அவரு படிச்சுச் சொன்னத நம்பி என் காடியப் புடுங்கினியே, அதுக்கு என்ன சொல்ற?"

"குப்பியில குடிச்சவன் பேசக்கூடாது."

நடுத்தெருவில் நின்று இருவரும் சண்டை போட்டார்கள். கடையை விடுவதென்றால் யாரிடம் விடுவது, விட்டுவிட்டு இவர் என்ன வேலைக்குப் போவது, பேத்தியைப் பார்க்க ஃபோஷானுக்கே போய்விட்டால் மூன்று வேளையும் சோற்றைத் தின்று எப்படி உயிரோடு இருப்பது, அவனவன் தொழிலை இப்படித் தூக்கி எறிகிறானா, எறியாவிட்டால் உன்னைத் தூக்கிப்போகவேண்டும், தூக்கேன், நான் என்ன உன்னைக் கேட்டேனா என்று போயிற்று. ருன்மெய் கைநீட்டிக் கத்தினாள். அண்டா முன்னால் நிற்பது தன் உரிமை என்றாள். இரண்டு வாரத்தில் உறிஞ்சும் மருந்து தன்னைக் குணப்படுத்திவிட்டது என்றாள், மாவின்மேல் பழி போடாதே என்றாள், வாசலில் வந்தது வெறும் தொண்டைக் கரகரப்பு என்றாள். பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். கால்மணி நேரத்துக்கு மேல் இருக்கும். குளித்துவிட்டு வந்த ஷுவான்ஜூ அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். இத்தனை கத்தலிலும் அவள் ஒருமுறைகூட இருமவில்லை.

அதை முதலில் கவனித்தது அவர்தான். பேச்சை நிறுத்தினார். அவர் ஏன் நிறுத்தினார் என்று யோசித்து, அவளும் கவனித்தாள். மருந்து அதே மருந்து, கிழவன் அதே கிழவன், இடையில் போனது மாவு மட்டும். நீட்டிய கை அப்படியே கீழே இறங்கியது.

ருன்மெய் கடைக்குள் எட்டிப் பார்க்காமலே, "கத்திய மட்டும் நல்லா கழுவி வீட்டுக்கு எடுத்துட்டு வா" என்றாள்.